அரைக்காத்து

இருபத்தொன்பது வயது ஜிம்னி.
லீசிங் கந்தோர்ப் பெடியன் படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தான்.
"இதுக்குக் காசு குடுக்கமாட்டினம் அக்கா,
புது ஓட்டோ ஒண்டு எடுங்கோவன்."
கைக்காசைத்தான் குடுத்து வேண்டினன்,
எட்டு வருஷம் முகமாலை வெயிலில்
முழங்காலில் நிண்டு உழைச்ச காசு.

புத்தகத்தில் எனக்கு முன்னம் ஆறு பேர்.
ஏழாவது: செபமலர், குருநகர்.

மானிப்பாய் றோட்டில் பத்திநாதரின் கராஜ்.
"ரெண்டு இஞ்சி தூக்கினால் காணும்,
மூண்டு தூக்கினால் வளைவில் படுத்திடும்."
ஸ்பிரிங் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது,
ஆரோ வீட்டு ரம்புட்டான் பெட்டிக்கு மேலே குந்தி.
மூச்சுக்குழாய் நாங்களே செய்தது:
பி.வி.சி. குழாய், மூண்டு முழங்கை,
வாய்க்கு ஒரு பால்மா ரின்.
பின்சீற்றைக் கழட்டிப் பலகை போட்டம்.
நித்திரை கொள்ளலாம்.
மனுசன் உயரம்; கால் மட்டும் வெளியில், நுளம்புக்கு.

"உனக்கேன் இந்த விசர்?" எண்டாள் மச்சாள்.
சொல்லத் தெரியேல்லை.
எட்டு வருஷமும் ஒரே சட்டம்:
வெள்ளைத் தடிக்கு இஞ்சால நட.
சிவப்புத் தடிக்கு அங்கால பார்க்கலாம், போகேலாது.
சில நாளில்
விடியத் தொடங்கிப் பின்னேரம் வரைக்கும்
நான் முன்னேறினது ஒரு பாயின்ர நீளம்.
இப்ப, தார் முடியிற இடத்தில்
சின்ன லீவரைப் பின்னுக்கு இழுத்தால்
எனக்கு ஞாயிற்றுக்கிழமை தொடங்கும்.

கட்டைக்காடு தாண்டி ரயருக்குக் காத்து இறக்கினன்.
இருபத்தெட்டிலிருந்து பதினாலுக்கு.
ஈக்கிலால் வால்வை அமத்தி, எண்ணி, நாலு சில்லுக்கும்.
வயிறு தள்ளின ரயர்
மணலில் பாதம் விரிச்சு நடந்தது.
சோழகம் கண்ணாடி முழுக்க உப்புப் பூசிக்கொண்டு வந்தது.

தரவையில்தான் பிழைச்சது.
மேலே பொருக்கு, கீழே களி.
பின்சில்லு ரெண்டும் அச்சுவரை போச்சு.
கைவின்ச் இருக்கு, முப்பதடிக் கம்பி இருக்கு,
கட்ட மரம் இல்லை.
கண்ணுக்கெட்டின மட்டும் உமரிச்செடி.
ஸ்பெயார் சில்லைப் புதைச்சு அதில்தான் கட்டவேணும்.
பொழுதும் பட்டுட்டுது.
இருதயநாதன் மண்வெட்டியை ஓங்கினார்.

"கொத்தாதையுங்கோ!"

என்ர குரலா அது?
மண்வெட்டி மேலேயே நிண்டது.
இது துப்புரவாக்கி, கையெழுத்து வச்சு, பலகை கழட்டின நிலம்.
மாடு மேயிற நிலம்.
எனக்குத் தெரியும்.
முழங்காலுக்குத் தெரியாது,
அது தன்ரபாட்டில் மடிஞ்சது.

ரென்ற் ஆணி ஒண்டை எடுத்து
முப்பது பாகை சரிச்சு
ஒரு விரல்கடை. பிறகு ஒரு விரல்கடை.
அவர் ரோச்சைப் பிடிச்சுக்கொண்டு
நான் மிதிச்ச அடியிலேயே தன்ர காலை வச்சு நிண்டார்,
ஒண்டும் கேக்கேல்லை.
முக்கால் மணித்தியாலம்.
சிப்பி, சிப்பி, ஒரு பிளாஸ்ரிக் மூடி, பிறகும் சிப்பி.

"இனிக் கொத்துங்கோ."

சில்லு புதைஞ்சது. கம்பி விறைச்சது.
வின்ச் ஒவ்வொரு பல்லாய் ஏற
ஜிம்னி களியை உறிஞ்சி உறிஞ்சி வெளியே வந்தது.

இரவு ரின்மீன், பாண், சீனியில்லாத பிளேன்ரீ.
அவற்றை கால் வெளியில்.
சில்லைத் திரும்பக் கிண்டி எடுத்த குழி
மூடினதோ எண்டு யோசிச்சன், எழும்பிப் போனன்.
மூடிக் கிடந்தது.
மேலே அவர் ஒரு சிப்பியை நட்டிருந்தார்,
வெள்ளைப் பக்கம் எனக்குத் தெரியிறமாதிரி.

காலமை பளைச் செற்றில்
பெடியன் காத்துக்குழாயோட வந்தான்.
"எவ்வளவு அக்கா?"
இருபத்தெட்டு எண்டுதான் வாயில் வந்தது.
"இருபத்தாறு காணும்" எண்டன்.

முகமாலை தாண்டேக்கை அவர் றேடியோவைக் குறைச்சார்.
அப்பதான் கேட்டது,
இடப்பக்கம் பின்னால் ஏதோ ஒரு புஷ் கிறீச்சிடுது.
திங்கக்கிழமை பத்திநாதரிட்டைக் காட்டவேணும்.